பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை: மதர்போர்டு மேல் பழி போடுவதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். 6 வருடமாக ஓடிய டெஸ்க்டாப். இரவு ஒழுங்காக ஷட் டவுன் செய்துவிட்டுப் படுத்தீர்கள். காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, சின்னச் சத்தம்கூட இல்லை. பார்க்க வந்தவர் கேபினெட்டைத் திறந்தார், ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார், இரண்டு முறை பட்டனை அழுத்தினார், "மதர்போர்டு போயிடுச்சு, வேற வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது சரிதானா, நாமே ஏதாவது சோதித்துப் பார்க்க முடியுமா, உள்ளே இருக்கும் ஃபோட்டோக்களின் கதி என்ன என்று கேட்கிறீர்கள். நடுவில், போன மாதமே சில நாள் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் ஆன் ஆனது என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். மொத்தக் கேள்வியிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் 18 வருடமாக இந்த ரிப்பேர் வேலையில் இருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று நான் சொன்னால் அது ஜோசியம். ஆனால் ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன்: அவர் செய்த சோதனைகளை வைத்து மதர்போர்டு போய்விட்டது என்ற முடிவுக்கு வரவே முடியாது. அவர் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை, தற்செயலாகச் சரியாகக்கூட இருக்கலாம். மதர்போர்டைச் சோதிக்க நேரடியான வழி எங்களிடமே பெரிதாகக் கிடையாது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சினால்தான் அதன் மேல் கை வைக்க வேண்டும். அவர் எதையுமே கழிக்கவில்லை.

ஃபோட்டோக்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தக் கவலை இருக்கும்போது மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்பதும் டிஸ்க் போய்விட்டது என்பதும் வேறு வேறு. பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸில் பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருந்தால் வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். சில கம்ப்யூட்டர்களில் நாம் சொல்லாமலேயே அந்தப் பூட்டு விழுந்திருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று போனிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே கேபினெட்டைத் திறந்து செய்யச் சொல்லும் சோதனைகளை டிஸ்க்கின் பவர் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். சோதனைக்கு அது தேவையில்லை.

"ஆன் ஆகவில்லை" என்று மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். ஒருவருக்கு ஃபேன் எல்லாம் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. இன்னொருவருக்கு ஃபேன் ஒரு அரைச் சுற்றுச் சுற்றி உடனே நின்றுவிடும். மூன்றாமவருக்கு நீங்கள் சொல்வதுபோல எந்த அசைவும் இருக்காது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ரேமை ரப்பரால் தேய்ப்பது முதல் வகைக்கு நல்ல வைத்தியம், நானும் செய்வேன். உங்களுடையதற்கு அது பொருந்தவே பொருந்தாது. ரேம் இல்லாமலே பட்டனை அழுத்தினாலும் பெரும்பாலான போர்டுகளில் ஃபேன் சுற்றத்தான் செய்யும். அசைவே இல்லை என்றால் கோளாறு ரேமுக்கும் ப்ராசஸருக்கும் முந்தைய கட்டத்தில் இருக்கிறது. ஒரு வகையில் இது நல்லது, தேட வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது.

அந்த முந்தைய கட்டம் என்ன என்று தெரிந்தால் சோதனைகள் தாமாகவே புரியும். பழைய காலத்து ஏடி வகைக் கம்ப்யூட்டர்களில் முன்பக்கச் சுவிட்ச் நம் வீட்டு டியூப்லைட் சுவிட்ச் மாதிரி நேரடியாக மின்சாரத்தையே வெட்டி ஒட்டும். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு அப்படி இல்லை. இப்போது அந்தப் பட்டன் காலிங் பெல் மாதிரி. மணியைத்தான் அடிக்கும், கதவைத் திறப்பது வேறு ஆள். பிளக்கைச் செருகிய நொடியிலிருந்தே எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி, ஒரே ஒரு சின்ன மின்சாரத்தை மட்டும் விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும்: ஊதா நிற வயரில் 5 வோல்ட். அதை ஸ்டாண்ட்பை என்போம். மதர்போர்டில் அரைத்தூக்கத்தில் விழித்திருக்கும் ஒரு சிறு பகுதி அந்த 5 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தினால் அந்தப் பகுதி பச்சை வயரை கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுக்கும். அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாவற்றையும் திறந்துவிடும். எல்லாம் நிலைக்கு வந்ததும், 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள், சாம்பல் நிற வயர் வழியாக "எல்லாம் சரி" என்று போர்டுக்குச் சொல்லும். அதற்குப் பிறகுதான் ப்ராசஸர் கண் விழிக்கும்.

ஆக உங்கள் கம்ப்யூட்டரில் அறுந்திருப்பது இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி: சுவரிலிருந்து வரும் மின்சாரம், ஊதா வயர், பட்டன், பச்சை வயரை இழுக்கும் போர்டு, அல்லது இழுத்ததும் திறக்க வேண்டிய எஸ்எம்பிஎஸ். எந்த இடம் என்பதைச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரே (வோல்ட் அளக்கும் மீட்டர்) சொல்லிவிடும்.

ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள். கேபினெட்டுக்குப் போகும் பவர் கார்டும் மானிட்டருக்குப் போகும் கார்டும் பல வீடுகளில் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். கேபினெட்டின் கார்டில் மானிட்டர் விளக்கு எரிந்தால் பிளக்கும் கார்டும் சேர்ந்து தப்பித்தன. எஸ்எம்பிஎஸ் பின்னாடி ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். அதில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். மேசைக்குப் பின்னால் பெருக்கும்போது அது தட்டுப்பட்டு ஆஃப் ஆகி, அதற்காக ஆட்டோவில் ஏறி என்னிடம் வந்த கேபினெட்டுகள் ஒன்றிரண்டு இல்லை. பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115 / 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115-ல் இருந்தால் ஒரு சத்தம், ஒரு புகை, அவ்வளவுதான்.

அப்புறம் பின்னாடியும் முன்னாடியும் செருகியிருக்கும் யுஎஸ்பி சாமான்கள் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். இது சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. பல போர்டுகளில் யுஎஸ்பி துளைகளுக்கும் அந்த ஸ்டாண்ட்பை 5 வோல்ட்தான் போகிறது. கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் போன் சார்ஜ் ஆவது அதனால்தான். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு, அதன் மேல் நான்கு மெல்லிய தகடுகள் தெரிய வேண்டும். அவசரத்தில் பென்டிரைவைத் தலைகீழாகக் குத்தியிருந்தால் நாக்கு உடைந்து, தகடுகள் வளைந்து சுற்றியிருக்கும் இரும்புக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்படித் தொட்டால் ஸ்டாண்ட்பை மின்சாரமே ஷார்ட் ஆகி, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளலாம். பார்ப்பவருக்கு மொத்தக் கம்ப்யூட்டரும் செத்துப்போன மாதிரி தெரியும்.

அடுத்து, பிளக்கை உருவிவிட்டு பவர் பட்டனை ஒரு 30 செகண்ட் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஐந்து நிமிடம் கழித்துச் செருகி ஆன் செய்து பாருங்கள். மந்திரம் போலத் தெரிந்தாலும் காரணம் இருக்கிறது. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்பைப் பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். இப்படி உயிர் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் உடனே ஃபோட்டோக்களை வேறு எங்காவது காப்பி எடுத்துவிடுங்கள். பூட்டிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கிறது, அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

கேபினெட்டைத் திறக்காமலே ஸ்டாண்ட்பை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிளக் செருகிய நிலையில் பின்னாடி நெட் கேபிளைச் செருகுங்கள், மறுமுனை ரூட்டரில் இருக்கட்டும். துளையின் ஓரத்தில் பச்சையோ மஞ்சளோ விளக்கு மினுக்கினால் ஊதா வயரில் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். மவுஸை மட்டும் திரும்பச் செருகி, அதன் அடியில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அதேதான். எரிந்தால் நிச்சயம், எரியாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை, ஏனென்றால் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) அந்த வசதியை அணைத்து வைத்திருந்தாலும் எரியாது. இந்த வேலையில் பல சோதனைகள் இப்படித்தான், ஒரு பக்கம் மட்டும் உறுதியாகப் பேசும்.

சரி, இப்போது திறக்கலாம். பிளக்கை உருவிவிட்டுத் திறங்கள், கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். மதர்போர்டு பக்கம் இருப்பது அதிகபட்சம் 12 வோல்ட், ஷாக் அடிக்காது. ஆனால் எஸ்எம்பிஎஸ் என்ற அந்த இரும்புப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே போனால் அங்கிருக்கும் பெரிய கெபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். புது வகைகளில் 400-ஐ நெருங்கும். பிளக்கை உருவிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். அதை வடிக்கத் தெரியாதவர் கை வைக்க வேண்டிய இடம் அது இல்லை.

முதலில் கண்ணும் மூக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் பக்கம் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை இருந்தால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. போர்டில் நிற்கும் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது நோய். போர்டின் ஓரத்தில் இருக்கும் அகலமான 24 பின் கனெக்டரைக் கழற்றி, உள்ளே ஏதாவது பின் கருகியிருக்கிறதா என்று பார்த்து, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்தி மாட்டுங்கள்.

இப்போது பட்டன். இதை நான் எப்போதும் முன்னாலேயே பார்ப்பேன், ஏனென்றால் ஒருமுறை நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கேபினெட்டில் அரை நாள் செலவழித்து, எஸ்எம்பிஎஸ் மாற்றி, போர்டையே வெளியே எடுத்து, கடைசியில் போர்டு போய்விட்டது என்று சீட்டு எழுதி வைத்தேன். மூத்தவர் வந்தார், முன்பக்கப் பட்டனை விரலால் இரண்டு முறை தட்டினார், சத்தத்தைக் கேட்டார், சிரித்தார். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தண்டு முறிந்து, அழுத்தினால் உள்ளே இருக்கும் சுவிட்சைத் தொடாமலே போய்க்கொண்டிருந்தது. நல்ல பட்டனை அழுத்தினால் 'க்ளிக்' என்று விரலில் தெரியும். அது வெறுமனே உள்ளே அமுங்கியது.

சோதிப்பது சுலபம். முன்பக்கத்திலிருந்து மெல்லிய வயர்கள் கூட்டமாக வந்து போர்டின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பின் வரிசையில் செருகியிருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பவர் எஸ்டபிள்யூ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் இரண்டு வயர் கனெக்டரை மட்டும் உருவுங்கள். இப்போது பிளக்கைச் செருகி, அது இருந்த இரண்டு பின்களையும் தட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். பட்டன் செய்வதும் இதே வேலைதான், அதனால் பயம் வேண்டாம். பக்கத்துப் பின்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேன் சுற்றினால் உங்கள் மதர்போர்டுக்கு ஆயுசு நூறு. புதுச் சுவிட்ச் கிடைக்கும்வரை ரீசெட் பட்டனின் கனெக்டரை அந்த இடத்தில் மாட்டிவிட்டு ரீசெட்டை அழுத்தி ஆன் செய்துகொள்ளலாம். சிலர் வருடக்கணக்காக அப்படியே ஓட்டுகிறார்கள். பட்டன் அழுந்தியபடியே மாட்டிக்கொள்ளும் கோளாறும் உண்டு. அதில் கம்ப்யூட்டர் ஆன் ஆகி சுமார் 4 செகண்டில் தானாக அணையும். உங்களுடையது அது இல்லை.

ஸ்க்ரூடிரைவருக்கும் அசையவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை 24 பின் கனெக்டரின் ஏதாவது ஒரு கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை ஊதா வயரிலும், கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து வயர் ஓரமாகச் செருகி வையுங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் காட்ட வேண்டும். பூஜ்யமோ, 2, 3 என்று தத்தளிப்போ தெரிந்தால் பிளக்கை உருவி, 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, மறுபடி பிளக்கைச் செருகி அதே இடத்தில் அளந்து பாருங்கள். கழற்றிய பிறகும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, இதில் சந்தேகமே வேண்டாம். கழற்றியதும் 5 வந்துவிட்டால் போர்டோ அதில் தொங்கும் ஏதோ ஒன்றோ அதை இழுத்து விழவைக்கிறது. அப்போது கிராஃபிக்ஸ் கார்டு, முன்பக்க யுஎஸ்பி வயர், மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஊதாவில் 5 வோல்ட் ஒழுங்காக இருந்தால் பச்சைக்கு நகருங்கள். பட்டனை அழுத்தாதபோது பச்சையில் 2 வோல்ட்டுக்கு மேல், பொதுவாக 3 முதல் 5 வரை இருக்கும். அழுத்தினால் பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். விழுந்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால் போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது, எஸ்எம்பிஎஸ்தான் கதவைத் திறக்கவில்லை. அல்லது எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டு திறந்த வேகத்தில் மூடிவிட்டது. விழவே இல்லை என்றால், பின்களை நேரடியாகத் தொட்டும் விழவில்லை என்றால், அப்போதுதான் போர்டின் மேல் சந்தேகப்பட உங்களுக்கு உரிமை வருகிறது.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் பேப்பர் கிளிப் சோதனை இந்தப் பச்சை வயரை வைத்துத்தான். கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பிளக் செருகாத நிலையில் பச்சையையும் பக்கத்தில் இருக்கும் கறுப்பையும் ஒரு கம்பியால் இணைத்து, பிறகு பிளக்கைச் செருகினால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓட வேண்டும். சோதனை நல்லதுதான், ஆனால் அதற்கு ஒரு அளவு இருக்கிறது. ஓடவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓடினால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுமை இல்லாமல் நடப்பவரை வைத்து அவர் மூட்டை தூக்குவாரா என்று சொல்ல முடியாது இல்லையா. இன்னொன்று, சில எஸ்எம்பிஎஸ்களில் சுமை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றாது. அதனால் ஃபேனைப் பார்க்காமல் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று அளப்பதே சரி, 11.4-லிருந்து 12.6 வரை ஏற்கலாம். வயர்கள் எல்லாம் கறுப்பாகவே இருந்தாலோ, கனெக்டர் 24 பின் இல்லாமல் சின்னதாக இருந்தாலோ இந்த நிறக் கணக்கை நம்பி எதையும் இணைக்காதீர்கள். சில கம்பெனி டெஸ்க்டாப்களிலும் புதிய 10 பின் முறையிலும் ஏற்பாடே வேறு. அந்த மாடலுக்கான பின் வரைபடம் கையில் இல்லாமல் தொட வேண்டாம்.

இப்போது உங்கள் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். போன மாதம் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் ஆன் ஆனது என்றீர்கள். ஒரே நாளில் ஒரு போர்டு செத்தால் அதற்கு முன் இப்படி முனகுவது அபூர்வம். மெல்ல மெல்லத் தேயும் பொருள்தான் முனகும். தேயக்கூடியவை இங்கே இரண்டு: பட்டன், எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஸ்டாண்ட்பை கெபாசிட்டர். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் அந்த ஸ்டாண்ட்பை பகுதிக்கு ஓய்வே கிடையாது. பிளக்கிலேயே 6 வருடம் இருந்திருந்தால் 52,000 மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடியிருக்கிறது. சாதாரணக் கெபாசிட்டரின் மேல் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது எங்கள் தோராயக் கணக்கு. 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம் வரும். இதிலிருந்து உங்களுடையது இன்ன தேதியில் போயிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் வயதாகிவிட்டது என்று தெரிகிறது. உள்ளே இருக்கும் திரவம் வறண்ட கெபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது மக்கர் செய்யும், கொஞ்சம் சூடேறினால் ஒத்துழைக்கும்.

அதனால் நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த நாட்களில் காலையில் முதல் தடவை மட்டும் தகராறு செய்து, பிளக்கில் கொஞ்ச நேரம் இருந்த பிறகு ஆன் ஆனதா? ஒருமுறை ஆன் ஆகிவிட்டால் அன்று முழுவதும் ஆஃப் செய்து ஆன் செய்தாலும் தொந்தரவு இல்லையா? அப்படி என்றால் எனக்கு எஸ்எம்பிஎஸ் மேல்தான் கை போகிறது. அதற்குப் பதிலாக, பட்டனைக் கொஞ்சம் அழுத்தமாக, ஓரமாக, ஒரு கோணத்தில் அழுத்தினால் ஆன் ஆனது என்றால் பட்டன். நாள், நேரம் எதற்கும் சம்பந்தமே இல்லாமல் இஷ்டத்துக்கு ஆனது என்றால் என்னால் இங்கிருந்து பிரிக்க முடியாது, மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்று இரவு இடி மின்னல் இருந்து, நெட் கேபிள் செருகியே இருந்திருந்தால் போர்டு போயிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மின்னல் பவர் வயர் வழியாக மட்டும் வருவதில்லை. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

சின்ன விஷயம் ஒன்று. போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை அளந்து பாருங்கள். புதிதில் 3 வோல்ட் இருக்கும். 2.5-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். வழக்கமாக அது தீர்ந்தால் தேதியும் நேரமும் மட்டும்தான் தப்பாகும், ஆனால் பேட்டரி செத்தால் எழ மறுக்கும் போர்டுகளையும் பார்த்திருக்கிறேன். பிளக்கை உருவிவிட்டுப் பேட்டரியைச் சில நிமிடம் வெளியே வைத்திருந்தால் பயாஸ் அமைப்புகளும் பழையபடி ஆகிவிடும்.

எல்லாவற்றையும் விட நம்பகமான சோதனை, நல்லது என்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பது. நண்பர் வீட்டிலிருந்து இரவல் வாங்கினாலும் போதும், கேபினெட்டில் திருக வேண்டியதில்லை, பக்கத்தில் வைத்து 24 பின் கனெக்டரையும் ப்ராசஸர் பக்கம் போகும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் மாட்டினால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை, என் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவத்திலிருந்து. எஸ்எம்பிஎஸ் பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் வரும் வகையில், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் பயன்படுத்தக் கூடாது. கனெக்டர் அச்சு அசலாகப் பொருந்தும், உள்ளே வயர் வரிசை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் வேறாக இருக்கும். சோம்பலில் பழைய கேபிளையே விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினேன். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து நூல் போல ஒரு புகை எழுந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. எஸ்எம்பிஎஸ் மாற்றினால் அதன் கேபிள்களோடு சேர்த்து மாற்றுங்கள்.

நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டி, எல்லாத் துணைச் சாமான்களையும் கழற்றி, பேட்டரி மாற்றி, பின்களை நேரடியாகத் தொட்டும் அசைவில்லை என்றால், ஊதாவில் 5 வோல்ட் நிற்க பச்சை கீழே விழ மறுத்தால், வந்தவர் சொன்னது சரி: போர்டுதான். அதில் எந்தப் பாகம் என்று என்னாலும் சொல்ல முடியாது. போர்டின் மின்சுற்று வரைபடத்தை வைத்துக்கொண்டு சிப் அளவில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒருமுறை காட்டலாம். புதிதாக வாங்கச் சொன்னாரே, அதிலும் ஒரு சிக்கல். 6 வருடம் பழைய ப்ராசஸருக்குப் பொருந்தும் புது போர்டு இப்போது கிடைப்பது கஷ்டம். வேறு போர்டு என்றால் ப்ராசஸரையும், பெரும்பாலும் ரேமையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அதே மாடலில் பழைய போர்டு ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் நான் செய்வது.

என் ஊகத்தைக் கேட்டால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து, எஸ்எம்பிஎஸ் முதல் சந்தேகம், பட்டன் இரண்டாவது, போர்டு அதற்கும் பிறகு. ஊகம்தான். ஊதா வயரில் எவ்வளவு காட்டுகிறது, கனெக்டரைக் கழற்றிய பிறகு எவ்வளவு காட்டுகிறது, இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்து எழுதுங்கள். அதிலிருந்து மேலே போகலாம்.